அரபுக் கடையில் நமக்கும் ஓர் இலை

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குத் திருவனந்தபுரத்தில் நம்மவர் வீடுகள் பலவற்றிலும் இப்போது ஒரே காட்சிதான். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அரபு உணவகத்துக்குக் கிளம்புகிறார்கள். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் தயிர்ச்சாதமும் நாரத்தங்காய் ஊறுகாயும் மேஜைமேல் மூடி வைக்கப்பட்டிருக்கின்றன. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. "உங்களுக்கு அங்கே ஒத்துக்காது மாமா" என்று மருமகள் பரிவோடுதான் சொல்கிறாள். "நீங்க போய்ட்டு வாங்கம்மா" என்று நாமும் பெருந்தன்மையோடுதான் சொல்கிறோம். ஆனாலும் வாரத்தில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடக் கிடைப்பது அந்த ஒரு வேளைதான். மற்ற நாட்களில் ஒருவர் டெக்னோபார்க்கிலிருந்து ஒன்பது மணிக்கு வருகிறார், இன்னொருவர் டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வருகிறார். அந்த ஒரு வேளையிலும் குடும்பம் இரண்டு பந்தியாகப் பிரிந்துவிடுவது சரிதானா என்று வாசக அன்பர்கள் சிந்திக்க வேண்டுகிறேன்.

நான் உணவு நிபுணன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவன். வீட்டில் சைவச் சாப்பாடு. ஆயினும் நாமும் பிள்ளைகளுடன் அந்தக் கடைக்குப் போகலாம், போக வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெரியவர்களிடம் கேட்டால் மூன்று தயக்கங்களைச் சொல்கிறார்கள். ஒன்று, அது நம் ஊர் உணவு இல்லை. இரண்டு, அங்கே எல்லாமே இறைச்சி. மூன்று, அதைச் சாப்பிட்டு உயிரே போயிருக்கிறது. முதல் தயக்கத்துக்கு ஆதாரம் இல்லை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது முழு உண்மை; ஆகவே அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும்.

முதலில், நம் ஊர் உணவு என்ற பேச்சு. நாம் வாழும் ஊர் எது? சாலைக் கடைவீதியில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர்கள் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்தது; அந்த நெல்தான் இந்த நகரத்துக்குச் சோறு போட்டது. செங்கோட்டை, கொல்லம் வழியாக வந்த ரயில் பாதை 1931-இல் தம்பானூரை எட்டியது. அந்த வழியில் வந்து இறங்கியவர்களில் இட்லிக் கொப்பரையையும் ஆட்டுக்கல்லையும் நம்பிப் பிழைக்க வந்தவர்களும் உண்டு. காலையில் புட்டும் கடலையும், கஞ்சியும் பயறும் சாப்பிட்டுப் பழகிய மலையாளிக்கு நம் நெய்த்தோசையும் ஃபில்டர் காப்பியும் ஒரு காலத்தில் வெளியூர்ச் சரக்குத்தான். "இது நம் உணவில்லை" என்று அவர்கள் ஒதுங்கியிருந்தால் நம்மவர் பலர் இந்த ஊரில் காலூன்றியிருக்க முடியாது.

அரபு உணவும் இதே முறையில்தான் வந்தது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதற்குப் பிறகு வளைகுடா நாடுகளில் வேலைகள் பெருகின. கேரளத்தார் லட்சக்கணக்கில் கடல் கடந்தார்கள். நம் நகரில் உள்ள, சி.டி.எஸ். என்று அழைக்கப்படும் வளர்ச்சி ஆய்வு மையம் 1998-இல் தொடங்கிவைத்த குடிபெயர்வுக் கணக்கெடுப்பு 2023-லும் எடுக்கப்பட்டது. அப்போது வெளிநாடுகளில் வாழ்ந்த கேரளத்தார் ஏறத்தாழ 22 லட்சம் பேர். போனவர்களில் திரும்பி வந்தவர்கள் பணத்தை மட்டும் கொண்டு வரவில்லை. அங்கே பழகிய நாக்கையும் சேர்த்துக் கொண்டு வந்தார்கள். சிலர் அங்கே கற்ற சமையலையே தொழிலாக்கிக் கொண்டார்கள். நம் தாத்தாமார் செய்த அதே காரியம்.

பெயர்ப் பலகையில் 'அரேபியன்' என்று பொதுவாகப் போட்டுவிடுகிறார்கள். டெல்லியிலோ பம்பாயிலோ வேலை பார்த்த நம்மவருக்கு இதன் குறை உடனே விளங்கும். அங்கே தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி எல்லோருக்கும் 'மதராசி' என்று ஒரே முத்திரை குத்துவார்கள் அல்லவா? குழிமந்தி ஏமன் நாட்டுப் பண்டம். கப்சா சவூதியில் பெயர் பெற்றது. ஷவர்மா சிரியா, லெபனான் பக்கத்தது. அந்தச் சொல்லோ 'திருப்புதல்' என்று பொருள்படும் துருக்கிச் சொல்லிலிருந்து பிறந்தது. வட ஆப்பிரிக்காவில் உள்ள துனீசியா, லெபனானிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. அதன் சமையலே வேறு. இவற்றில் பெருந்தீனிக்கும் விருந்துக்கும் உரிய இறைச்சிப் பண்டங்கள்தாம் இங்கே வந்து சேர்ந்தன. அந்த நாட்டு ஏழை எளியவர்கள் அன்றாடம் சாப்பிடும் பருப்பும் கடலையும் பெரும்பாலும் வரவில்லை. "எல்லாமே இறைச்சி" என்ற இரண்டாவது தயக்கம் பாதி உண்மை என்று நான் சொன்னது இதனால்தான்.

லெபனானை எடுத்துக்கொள்வோம். அங்கே கிறிஸ்தவர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் இறைச்சி விலக்குவது அவர்களுடைய பழைய வழக்கம். நம் ஊர்க் கிறிஸ்தவ நண்பர்களின் ஐம்பது நோன்பைப் பார்த்திருக்கிறோமே, அதுபோல. ஆகவே இறைச்சி இல்லாத பண்டங்கள் அங்கே ஏராளம். வேகவைத்த கொண்டைக்கடலையை எள் விழுது, எலுமிச்சைச் சாறு, பூண்டு சேர்த்து அரைத்தால் ஹம்மூஸ். கடலையை ஊறவைத்து, அரைத்து, உருட்டிப் பொரித்தால் ஃபலாஃபல். நம் மசால் வடையின் ஒன்றுவிட்ட தம்பி என்று சொல்லலாம். அரிசியும் மைசூர்ப் பருப்பின் தோல் நீக்காத முழுப் பயறும் சேர்த்து வேகவைத்து, மேலே வெங்காயத்தைச் சிவக்க வறுத்துத் தூவினால் முஜத்தரா. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்தால் லப்னே. இவற்றில் நம் வயிற்றுக்குப் புதியது எது? கடலை, பருப்பு, எள், தயிர், எலுமிச்சை எல்லாம் நம் அடுக்களைச் சாமான்கள்தாமே.

துனீசியாவில் லப்லாபி என்று ஓர் உணவு. கொண்டைக்கடலையைச் சீரகம், பூண்டு போட்டு ரசம் போல நீர்க்க வேகவைத்து, காய்ந்த ரொட்டித் துண்டுகளின்மேல் ஊற்றிக் கொடுப்பார்கள். குளிர் காலத்தில் உழைப்பாளிகளின் வயிற்றை நிரப்பும் மலிவான உணவு அது. கூடவே ஹரிஸா என்ற மிளகாய் விழுது. 2022-இல் யுனெஸ்கோ இதைத் துனீசியாவின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தது. அந்த மிளகாயும் நம் மிளகாயைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்ததுதான். இன்று மிளகாய் இல்லாமல் நமக்கும் சமையல் இல்லை, அவர்களுக்கும் இல்லை. குஸ்குஸ் என்பது கோதுமை ரவையை நீர் தெளித்து மணி மணியாக உருட்டி ஆவியில் வேகவைப்பது. கீழ்ப்பானையில் குழம்பு கொதிக்கும். அடியில் துளையிட்ட மேல்பானையில் அதே ஆவியில் குஸ்குஸ் வேகும். புட்டுக் குடம் வைத்திருக்கும் எந்த வீட்டுக்கும் இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. ஒரே நெருப்பில் இரண்டு வேலை நடப்பதைக் கண்டால் எந்த இஞ்சினீயருக்கும் மகிழ்ச்சிதான்.

சில ஆண்டுகளுக்கு முன் மகள் வீட்டுக்குப் பாரிஸ் போயிருந்தேன். லெபனான், துனீசியா இரண்டு நாடுகளும் ஒரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தவை. ஆகவே அந்த இரு நாட்டு மக்களும் அங்கே கணிசமாகக் குடியேறியிருக்கிறார்கள். லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகளில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், ஆறேழு மேஜைகள் மட்டுமே உள்ள சிறிய உணவகம் ஒன்றுக்கு மகள் அழைத்துப் போனாள். லெபனான் பண்டமும் துனீசியப் பண்டமும் ஒரே பலகையில் எழுதியிருந்தார்கள். மேஜை விரிப்பு காகிதம். தண்ணீர்க் குவளை ஒன்றுக்கொன்று சேராத அளவு. சுற்றிலும் கட்டட வேலைக்காரர்கள், டாக்ஸி ஓட்டுநர்கள், குழந்தைகளோடு வந்த தாய்மார்கள். இறைச்சி வேண்டாம் என்றதும் கடலைச் சூப்பும் ஹம்மூஸும் வந்தன. அந்த ஊர் விலைவாசிக்கு அது மலிவு. பணமும் படாடோபமும் இல்லாத மனிதர் குடும்பத்தோடு நிம்மதியாக உட்காரக்கூடிய இடமாக அது இருந்தது. நம் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அருகே லாரி பேக்கர் வடிவமைத்த சுழல் கட்டடத்தில் இருக்கும் காப்பி ஹவுசில் உட்காரும்போது கிடைக்கிற நிம்மதி அது.

இங்கே எங்கள் வட்டாரத்திலும் அப்படி ஒரு கடை இருக்கிறது. உரிமையாளர் சார்ஜாவில் லெபனான்காரர் ஒருவரின் உணவகத்தில் பல ஆண்டுகள் சமையல் வேலை பார்த்துத் திரும்பிய மலையாளி. குப்பூஸ் சுடுபவர் வங்காளத்துக்காரர். அவரும் நம்மைப் போலப் பிழைக்க வந்தவர். ஒரு நாள் பேரப்பிள்ளைகளோடு நானும் மனைவியும் போய் உட்கார்ந்து, "இறைச்சி இல்லாமல் என்ன இருக்கிறது?" என்று கேட்டோம். ஹம்மூஸும் குப்பூஸும் சாலடும் இருந்தன. முஜத்தரா செய்யத் தெரியுமா என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தெரியும் சாரே, சார்ஜாவில் தினமும் செய்தேன். இங்கே யார் கேட்கிறார்கள்?" என்றார். மறுவாரம் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனோம். செய்து வைத்திருந்தார். வறுத்த வெங்காயத்துக்காகவே என் மனைவி இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். ஆறு பேர் சாப்பிட்டு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பெரும்பகுதி பிள்ளைகள் சாப்பிட்ட கோழிக்குத்தான்.

அந்தக் கடைக்காரர் சொன்ன ஒரு வார்த்தையை நாம் கவனிக்க வேண்டும். "யார் கேட்கிறார்கள்?" என்றார். கடைக்காரர் விற்பதைத்தான் சமைப்பார். இறைச்சி சாப்பிடுகிறவர்கள் மட்டுமே போனால் இறைச்சி மட்டுமே இருக்கும். சைவக்காரர்கள் போய்க் கேட்டால் கடலையும் பருப்பும் அடுப்பேறும். "அங்கே நமக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லி நாம் வீட்டிலேயே இருக்கும்வரை அங்கே நமக்கு ஒன்றும் இருக்கப் போவதில்லை. அசைவம் சாப்பிடும் குடும்பங்களுக்கும் இதில் லாபம் உண்டு. வாரந்தோறும் கோழியையே பிள்ளைகள் தின்னும் வழக்கம் சற்றுக் குறையும்.

கடுமையான சைவம் அனுசரிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபலாஃபலை எந்த எண்ணெயில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். கோழி பொரித்த எண்ணெய் என்றால் பொரித்த பண்டத்தை விட்டுவிட்டு மற்றதைச் சாப்பிடலாம். ஒரே அடுக்களை என்பதே மனத்துக்கு ஒப்பாதவர்கள் போக வேண்டாம். அவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆனால் காரணம் அதுதான் என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. "அதெல்லாம் ஒரு சாப்பாடா" என்று பிறர் உணவை இகழ வேண்டியதில்லை.

இனி மூன்றாவது தயக்கம். 2022 மே மாதம் 1-ஆம் தேதி, காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி உயிரிழந்தாள்; பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஷிகெல்லா என்ற கிருமி காரணம் என்று கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நம் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். பெற்றோர் ஆசையோடு வாங்கிக் கொடுக்கும் பண்டம் எமனாக முடிவதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பயந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவால் பேரப்பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு? பிள்ளைகள் எப்படியும் போகத்தான் போகிறார்கள். நாமும் கூடப் போனால்தான் நம் கண்ணும் கூடப் போகும்.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பழமொழி. பானைக்குள் கொதிநீர் எங்கும் சுழல்வதால் சோறு ஏறக்குறைய ஒரே சீராக வேகிறது. ஆகவே பழமொழி செல்லும். ஷவர்மாக் கம்பியில் அது செல்லாது. அடுக்கிய இறைச்சியின் வெளிப்புறம் மட்டுமே நெருப்பைப் பார்க்கிறது. உள்ளே பச்சையாக இருக்கும். கூட்டம் அதிகமாகி அவசரமாக ஆழச் சீவினால் வேகாத இறைச்சி ரொட்டிக்குள் போய்விடும். தண்டவாளமும் அப்படித்தான். மேலே பளபளவென்று இருக்கும். உள்ளே விரிசல் ஓடியிருக்கும். கண்ணால் பார்த்துத் தெரியாது என்பதால்தான் ரயில்வேயில் அல்ட்ராசானிக் கருவியை உருட்டிக்கொண்டு போய்ச் சோதிக்கிறோம். தண்டவாளம் உடையக்கூடும் என்பதற்காக ரயிலை யாரும் நிறுத்திவிடவில்லை. சோதிக்கும் முறையைத்தான் ஏற்படுத்தினார்கள்.

உணவுக்கும் அப்படி முறைகள் வந்திருக்கின்றன. கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில். சூடான பண்டம் சூடாகவும் குளிர்ந்த பண்டம் குளிர்ந்தும் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சாரம். 2022 செப்டம்பரில் கேரள அரசு ஷவர்மாவுக்கென்றே விதிமுறைகள் வெளியிட்டது. சீவிய இறைச்சியை மறுபடி ஒரு முறை வேகவைக்க வேண்டும். மயோனைஸை வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பொட்டலத்தின்மேல் தயாரித்த தேதியும் நேரமும் குறிப்பிட வேண்டும். வாங்கியதை 1 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். 2023 ஜனவரியில் பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குக் கேரளம் தடை விதித்தது. தமிழ்நாடும் 2025 ஏப்ரலில் அதை ஓராண்டுக்குத் தடை செய்து ஆணையிட்டது. விதிகள் நல்லவை. ஆனால் எந்த விதியும் இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் உயிர் பெற்றால் பயனில்லை என்பது ரயில்வேயில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். தினமும் வரும் வாடிக்கையாளரே தினசரி இன்ஸ்பெக்டர்.

ஆகவே கடைக்குள் நுழைந்ததும் சில விஷயங்களைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா? ஷவர்மாக் கம்பி சாலைத் தூசி படும்படி வெளியே நிற்கிறதா? சீவிய இறைச்சியை மறுபடி கல்லில் போட்டுச் சூடாக்குகிறார்களா? மயோனைஸ் குளிர்பெட்டியிலிருந்து வருகிறதா, மேஜையிலேயே காலை முதல் உட்கார்ந்திருக்கிறதா? பணம் வாங்கும் கையே ரொட்டியையும் தொடுகிறதா? சைவப் பண்டம் என்பதால் ஆபத்து இல்லை என்றும் நினைக்க வேண்டாம். ஹம்மூஸும் ஈரமான விழுதுதான். நாள்பட்டால் கெடும், அன்று அரைத்ததா என்று கேட்கலாம். கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. காய்கறிக்காரரிடம் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் சமூகம் நாம். மீதமானதைப் பொட்டலம் கட்டி இரவு முழுதும் மேஜையில் வைத்திருந்து காலையில் பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கடைக்காரர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் இந்த வழக்கத்தால் ஆபத்து வரும். இதை உடனே நிறுத்த வேண்டும்.

நம் சங்கத்துக்கும் இரண்டு வேண்டுகோள்கள். மாதாந்திரக் கூட்டம் ஒன்றுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரி ஒருவரை அழைத்துப் பேச வைக்கலாம்; அரட்டைக்கும் அரசியலுக்கும் செலவாகும் ஒரு மணி நேரம் பிள்ளைகளின் உயிருக்குப் பயன்படும். ஆண்டு விழா முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து, முன்கூட்டிச் சொல்லி வைத்து, வட்டாரத்து அரபுக் கடை ஒன்றில் மூன்று தலைமுறையும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். பருப்பும் கடலையும் ஒரு பக்கம், வேண்டியவர்களுக்குக் கோழி மறுபக்கம். அத்தனை குடும்பங்கள் ஒரே நாளில் கேட்டால் கடைக்காரர் பலகையிலேயே எழுதி வைத்துவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய துனிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய கார்த்தேஜ், இன்று லெபனானில் உள்ள தீர் நகரத்திலிருந்து கடலேறிப் போனவர்கள் அமைத்தது. லெபனான்காரர்கள் பிற்காலத்தில் மெக்சிகோ வரைக்கும் போனார்கள். செங்குத்துக் கம்பியில் இறைச்சி சுடும் அவர்கள் முறை அங்கே பன்றி இறைச்சியும் சோள ரொட்டியுமாக மாறி அந்த ஊர்ப் பண்டமாகவே ஆகிவிட்டது. பிழைக்கப் போன மக்கள் எங்கும் இப்படித்தான் வாழ்ந்திருக்கிறார்கள். தம் உணவைப் பிறருக்குக் கொடுத்தார்கள், பிறர் உணவைத் தாமும் சாப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த நகரத்தில் நாம் முதல் பாதியை நன்றாகச் செய்திருக்கிறோம். இரண்டாம் பாதிக்கு நம் பேரப்பிள்ளைகள் கை நீட்டிக் கூப்பிடுகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை தயிர்ச்சாதத்தை மத்தியானமே முடித்துக்கொண்டு, மாலையில் அவர்களோடு கிளம்புங்கள்.